தடித்த சாய்வெழுத்தும் தமிழ் வரிவடிவமும்

(அச்சுத் தொழிலாளரும் பெயர்ப்பலகை எழுதுவோரும் தமிழ் மாணவரும் கூடிய அவையில் படிக்கப்பட்ட உரை)



எழுத்து என்றவுடன் தமிழ் கற்றோர் உள்ளம் ஒலியெழுத்தையே நினைக்கும். தொல்காப்பியத்தின் முதற்பகுதி எழுத்ததிகாரம் என்று பெயர்பெற்றிருப்பினும், அதன் பெரும்பகுதி ஒலியையும் புணர்ச்சியையும் பற்றியதே. வரிவடிவைப் பற்றிய நூற்பாக்கள் மிகச் சில. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரங்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்பதும் அச்சிலவற்றுள் அடங்கும். இதனாலோ என்னவோ, பிற்காலப் புலவர் எழுத்தின் உருவத்தைத் தச்சர்க்கும் தட்டார்க்கும் கற்றச்சர்க்கும் உரிய வேலையென்று ஒதுக்கிவிட்டனர். ஆயினும், தெருவில் நடப்பவன் கண்ணில் முதலில் படுவது உருவமே. அவ்வுருவம் பிழைபட்டால் ஒலியும் பிழைபடும், பொருளும் பிழைபடும்.

உருவத்திலும் ஒரே ஒருவகை இன்று எடுத்துக்கொள்ளப்படுகின்றது. கடைமுகப்பிலும், சுவரொட்டியிலும், இதழ்களின் மேலட்டையிலும், தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, எட்ட நின்றே கண்ணைப் பிடித்து இழுக்குமே, அந்த வகை. அதற்கு உலக அச்சுத்தொழிலில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டின் தென்கடற்கரையிலுள்ள மார்சேய் நகரில் 1951-ஆம் ஆண்டு வார்க்கப்பெற்ற 'பாங்கோ' என்னும் எழுத்துருவே அது. அதன் பிறப்பையும் அமைப்பையும் பயனையும் கண்டபின்னரே, தமிழெழுத்தைத் தடிக்கவும் சாய்க்கவும் புகுவோர் எண்ண வேண்டியது யாது என்பது விளங்கும்.

சாய்வும் தடிப்பும் ஒருவயிற்றுப் பிள்ளைகளல்ல. சாய்வெழுத்து முந்தியது. இத்தாலியில் வெனிசு நகரில் ஆல்தோ மனூசியோ என்னும் அச்சாளர் 1501-ஆம் ஆண்டு வெர்சில் என்னும் இலத்தீன் புலவரின் பாக்களைச் சிறுநூலாக வெளியிட்டார். நூல் முழுவதும் சாய்வெழுத்தாலேயே கோக்கப்பட்டது. அவ்வெழுத்தின் அச்சுமுனையை வெட்டியவர் பிரான்செசுகோ கிரிபோ. அற்றை இத்தாலியப் புலவர் விரைந்தெழுதும் கையெழுத்தே அதற்கு மூலம். கை விரைந்தோடும்பொழுது கோடு சாய்கின்றது. ஆகவே சாய்வு என்பது விரைவின் தடம். அந்நூலில் பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன என்பது நினைக்கத்தக்கது. அவை கையெழுத்திலிருந்து வந்தவையல்ல. உரோமர் கல்வெட்டிலிருந்து வந்தவை. உளி பொறித்ததைத் தூவல் எழுதியதுபோல் சாய்க்க அன்று எவர்க்கும் தோன்றவில்லை. பின்வந்தோரே பெரிய எழுத்தையும் சாய்த்தனர்.

தடிப்பெழுத்து அதற்கு முந்நூறாண்டு பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வணிகமும் சுவரொட்டியும் பெருகின. நூலுக்கென வெட்டிய மெல்லெழுத்து மதிலில் ஒட்டினால் எவர் கண்ணிலும் படவில்லை. ஆகவே இராபர்ட்டு தோர்ன் போன்ற வார்ப்பாளர்கள் எழுத்தின் தண்டை அதன் உயரத்தில் பாதியளவுக்குப் பருக்க வைத்தனர். பார்த்தோர் சிலர் கொழுத்த எழுத்து என்றே அதனைப் பெயரிட்டழைத்தனர். அக்கொழுத்த எழுத்துக்கும் விரைவில் சாய்வு வடிவம் வெட்டப்பட்டது. விரைவின் தடமும் பருமையின் உரமும் அங்கே ஒன்றுகூடின. மெலிந்தவன் ஓடுவது கண்ணுக்குப் புதிதன்று. பருத்தவன் ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். தடித்த சாய்வெழுத்தின் கமுக்கம் அவ்வளவே.

இனி மார்சேய்க்கு வருவோம். அந்நாட்டில் ஆட்சியும் கல்வியும் அச்சும் நூல்வெளியீடும் பாரிசு நகரிலேயே குவிந்து கிடந்தன. எழுத்து வார்ப்பிலும் அதுவே நிலை. தெபெர்ணி-பெய்ஞோ என்னும் பாரிசு வார்ப்பகம் பெரும்பெயர் பெற்றிருந்தது. கசாந்திரு என்னும் புகழ்பெற்ற சுவரொட்டி ஓவியர் 1937-இல் அதற்குப் 'பெய்ஞோ' என்னும் எழுத்துருவை வரைந்து தந்தார். அதன்முன் மார்சேயிலிருந்த ஒலீவ் வார்ப்பகம் சிறியது. தலைநகர்க்கு நெடுந்தொலைவிலுள்ள துறைமுக நகரினது. தலைநகர் செய்ததையே தானும் செய்து கொண்டிருந்தால் அது விலைபோகாது. தனக்கென ஒரு முகம் அதற்கு வேண்டியிருந்தது.

அம்முகத்தைத் தந்தவர் உரோசே எக்சுகொபோன். 1910-இல் மார்சேயிலேயே பிறந்தவர். முதலில் சட்டம் பயின்றார். பின்பு அதனை விட்டுப் பாரிசு சென்று ஓவியம் பயின்றார். உலகப்போர் முடிந்த காலத்தில் விளம்பர வரைவுத் தொழிலும் ஒலீவ் வார்ப்பகத்தின் எழுத்து வரைவும் அவர்க்கு ஒருங்கே அமைந்தன. விளம்பரம் வரைபவரே எழுத்தையும் வரைந்தார் என்பதுதான் இதில் கருதத்தக்கது. ஒரு கடைக்காரன் தன் பெயர்ப்பலகையில் எதை விரும்புவான், வழிப்போக்கன் எத்தனை நொடி நின்று பார்ப்பான் என்பதெல்லாம் அவர்க்குக் கைவந்த அறிவு. போர் முடிந்து கடைகள் மீண்டும் திறந்துகொண்டிருந்த பொழுது அது. கைதேர்ந்த எழுத்தோவியரை அமர்த்திக்கொள்ள எல்லாக் கடைக்கும் இயலாது. ஓவியன் கையால் எழுதியது போலவே தோன்றும் எழுத்து ஈயத்திலேயே கிடைத்தால்? 'பாங்கோ' அதற்கு விடை.

அதன் அமைப்பைச் சற்று நின்று காண்போம். அதில் சிறிய எழுத்தே இல்லை. பெரிய எழுத்தும் எண்களும் குறிகளும் மட்டுமே உண்டு. ஒவ்வொரு தண்டும் மேலே அகன்று கீழே வரவரக் குறுகும். ஓங்கி அடித்த ஆப்புப் போல நிற்கும். கோடுகள் நேர்கோடாக இரா, சற்றே வளைந்திருக்கும். தகட்டை வெட்டி ஒரு முறுக்கு முறுக்கி வைத்தது போன்ற தோற்றம். கோடும் கோடும் கூடுமிடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு வெண்ணிடைவெளி விடப்பட்டிருக்கும். தூரிகையை எடுத்து மீண்டும் வைத்ததற்கு அடையாளம் போல. எழுத்தனைத்தும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆயினும் அளவுகோல் வைத்து ஒரே கோணத்தில் சாய்த்தவை அல்ல. ஒன்று சற்று மிகவும், ஒன்று சற்றுக் குறையவும் சாயும். இந்தச் சிறு ஒழுங்கின்மையே அதற்கு உயிர். ஒழுங்காகச் சாய்த்திருந்தால், காற்றில் சாய்ந்த வேலிக்கம்பங்கள் போலிருந்திருக்கும்.

ஈயத்தில் சாய்வெழுத்து வார்ப்பதன் அருமையை, எழுத்துப் பெட்டியின்முன் நின்று வேலை செய்த முதியோர் இங்கே இருப்பின் அவர்களே நன்கறிவர். ஒவ்வோர் எழுத்தும் செவ்வகமான ஈயக்கட்டையின் தலையில் நிற்பது. கட்டையோ நிமிர்ந்தது; எழுத்தோ சாய்ந்தது. சாய்ந்த எழுத்தின் மேல்முனை கட்டையைத் தாண்டி வெளியே நீளும். நீண்ட முனைக்குக் கீழே தாங்கல் இல்லை. அடுத்த எழுத்து உயரமானதாயின் அதில் முட்டும்; அழுத்துபொறியின் கீழ் ஒடியும். ஒடியாதிருக்கக் கட்டையை அகலமாக்கினால், எழுத்துகளுக்கிடையே பல் விழுந்த வாய் போல் வெளி தோன்றும். சிறிய எழுத்தை விட்டு, மேலும் கீழும் நீட்டாத, உயரம் ஏறத்தாழ ஒத்த பெரிய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டால் இத்தொல்லையிற் பெரும்பகுதி தீர்கின்றது. கீழே குறுகும் தண்டின் வடிவமும் இதற்குத் துணைசெய்யும். அழகென்று இன்று புகழப்படுவதிற் பாதி, ஈயத்தின் கட்டுப்பாட்டோடு கைவினைஞன் செய்துகொண்ட உடன்பாடு.

எக்சுகொபோன் அத்தோடு நில்லவில்லை. 1953-இல் 'மிசுத்திரல்' வந்தது. மார்சேய்ப் பக்கத்தில் வீசும் வடகாற்றின் பெயர் அது. அவர் தம் கையெழுத்தையே மூலமாகக் கொண்டு, எழுத்தோடு எழுத்து தொட்டு ஓடும்படி ஈயத்தில் அமைத்தார்; வார்ப்புத் தொழிலில் இதனினும் அரிய செயல் அக்காலத்தில் வேறு அதிகமில்லை. 1955-இல் வந்த 'சோக்' இன்னும் தடித்தது. கிழக்காசியத் தூரிகையெழுத்தை நினைவூட்டும் கனத்த சாய்வெழுத்து அது. இம்மூன்றும் பிரெஞ்சு நாட்டுத் தெருக்களை நிரப்பின. ரொட்டிக்கடை, முடிதிருத்தகம், சிற்றுண்டிச்சாலை, பழுதுபார்க்கும் பட்டறை எனக் கடைமுகப்புகளிலெல்லாம் அவை ஏறின. தலைநகர்க்கு வெளியே பிறந்த எழுத்து தலைநகர்த் தெருவிலும் ஏறி நின்றது. கற்றோர் சிலர் அவற்றை மலிவான எழுத்தென்று முகஞ்சுளித்ததும் உண்டு. கடைக்காரரோ அதனைப் பொருட்படுத்தவில்லை.

பயன் எங்கே, பயனின்மை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சொல், இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று சொல்: அதுவரை பாங்கோ ஆற்றலுடையது. கடைப்பெயர், இதழின் பெயர், திரைப்படத்தின் பெயர் ஆகியவை அதற்கு உரியவை. நான்கு வரியை அதில் கோத்தால் படிப்போன் கண் களைத்துவிடும். ஊர்வலத்தில் ஒருவன் கூவினால் முழக்கம். அவனே வீட்டுக்கு வந்தும் கூவிக்கொண்டிருந்தால் அயலார் கதவை அடைப்பர். கூவும் எழுத்தைக் கட்டுரை முழுவதும் பரப்பும் அச்சகத்தார் தமிழ்நாட்டிலும் உள்ளனர். திருமண அழைப்பிதழில் ஊர்ப்பெயர், நாட்பெயர், உற்றார் பெயர் அனைத்தையும் தடித்த சாய்வெழுத்தில் இட்டு, மணமக்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு செய்துவிடுவர்!

ஈயத்தின் காலம் நிலைக்கவில்லை. ஒளியச்சுக் கோப்பு வந்தது. வார்ப்பகங்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. 1978-இல் ஒலீவ் வார்ப்பகத்தின் உடைமைகள் சுவிட்சர்லாந்தின் ஆசு வார்ப்பகத்தைச் சேர்ந்தன. எக்சுகொபோன் 1983-இல் மறைந்தார். ஆயினும் எழுத்து மறையவில்லை. அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோவில் 1981-இல் தொடங்கப்பெற்ற 'திராசர்' என்னும் உருள்பலகை விளையாட்டு இதழ் தன் பெயரைப் பாங்கோவிலேயே பொறித்தது. அப்பெயர் பொறித்த மேலாடையை இன்று உலகெங்கும் இளைஞர் அணிகின்றனர். அணிவோருள் மார்சேயை அறிந்தவர் சிலரே. 1997-இல் பில் கிரிம்சா என்னும் ஆங்கில வரைவாளர் அதற்குச் சிறிய எழுத்தும் மெலிந்த வடிவும் சேர்த்துக் கணிப்பொறிக்கேற்ப அமைத்தார். இவ்வாறு, கடைக்காரர்க்கென வார்த்த எழுத்து இளைஞர் கூட்டத்தின் கொடியாயிற்று. எழுத்தின் வாழ்வை அதனை வரைந்தவனாலும் முன்னறிந்து கூறவியலாது போலும்.

இனித் தமிழுக்கு வருதல் வேண்டும். வருமுன் எக்சுகொபோன் செய்த இன்னொரு வேலையைக் குறிப்பிடாமற் போக முடியாது. பின்வருவதற்கு அதுவே திறவுகோல். 1960-களில் அவர் 'ஆந்திக் ஒலிவ்' என்னும் நிமிர்ந்த எழுத்துருவை வரைந்தார். அதில் எழுத்தின் மேற்பாதிக்கே அவர் வலிமை கூட்டினார். எமீல் சாவல் என்னும் பிரெஞ்சுக் கண்மருத்துவர், படிக்கும் கண் பெரும்பாலும் உரோம எழுத்தின் மேற்பாதியையே பற்றிச் செல்கின்றதென்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். ஓர் ஆங்கில வரியின் கீழ்ப்பாதியைத் தாளால் மறைத்தாலும் ஒருவாறு படித்துவிடலாம். மேற்பாதியை மறைத்தால் படிப்பது அரிது. ஆகவே உரோம எழுத்தில் வேறுபாடு குடியிருக்குமிடம் மேற்பாதி. பாங்கோவின் தண்டு மேலே அகன்று கீழே குறுகுவதும் இவ்வியல்புக்கு ஒத்ததே. கனம் எங்கே வேண்டுமோ அங்கே வைக்கப்பட்டிருக்கின்றது.

தமிழில் வேறுபாடு எங்கே குடியிருக்கின்றது? எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கீழே இழுக்கும் கோட்டில். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு கீழே முடியும் சுழியில். உகர ஊகார உயிர்மெய்கள் பெரும்பாலானவற்றின் வேறுபாடும் அடியில். ழகரம், றகரம் ஆகியவற்றின் சிறப்புக்கோடும் அடியில். மேலேயும் வேறுபாடு உண்டு: புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி. தமிழெழுத்து மேலும் கீழும் காவலிருக்கும் எழுத்து. பாங்கோவைப் பார்த்து, மேலே கொழுத்துக் கீழே மெலிந்த தமிழெழுத்தை ஒருவர் வரைந்தால், காவலில் பாதியைக் கலைத்துவிட்டவராவார். அவர் உழைப்பில் குறையில்லை. அவர் பார்த்து எழுதிய மேல்வரிச்சட்டம் வேறொரு மொழியினுடையது.

சாய்வில் நேரும் கேடு இதனினும் நுட்பமானது. ரகரத்தை எண்ணிப் பாருங்கள். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு, தண்டின் அடியில் இடப்பக்கமாய் இறங்கும் ஒரு சிறு கோடு. ஏட்டுச் சுவடிகளில் அக்கோடு இல்லாமையால் பாவையா பரவையா, காடியா கரடியா என்று இடம்நோக்கி உணர வேண்டியிருந்த தொல்லையைச் சுவடி பதிப்பித்தோர் நன்கறிவர். அச்சு வந்தபின் அக்குழப்பம் ஒழிந்தது. இப்பொழுது அவ்வெழுத்தை வலப்பக்கம் சாய்த்தால் நிகழ்வது யாது? தண்டின் தலை வலப்பக்கம் செல்ல, அடி இடப்பக்கம் வரும். அதாவது, தண்டே மேலிருந்து இடக்கீழாய் இறங்கும். ரகரத்தின் சிறு கோடும் இடக்கீழாகவே இறங்குவது. இரண்டும் ஒரே போக்கின; கோடு தண்டின் நீட்சி போலாகிக் கரைந்துவிடும். அதன்மேல் தடிப்பும் சேர்ந்தால் மிச்சமும் போம். பன்னெடுங்காலத் தொல்லையை அச்சு தீர்க்க, சாய்வு மீண்டும் கொண்டுவந்து வாயிலில் நிறுத்துகின்றது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தண்டின் அடியில் இவ்வாறு இடப்பக்கம் இறங்கும் வேறுபாட்டுக் கோடு இல்லை. ஆகலின் எக்சுகொபோனுக்கு இவ்வச்சம் எழவேண்டிய தேவையே இருந்ததில்லை.

தடிப்பிலும் அவ்வாறே. உரோமப் பெரிய எழுத்துகளில் பலவற்றுக்கு உள்வெளியே இல்லை. இருப்பனவற்றுக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தமிழிலோ ணகரத்தை முச்சுழி என்கிறோம். னகரத்தை இருசுழி என்கிறோம். பெயரே சுழியின் எண்ணிக்கையால் வந்தது. தண்டைப் பருக்க வைக்கும்பொழுது சுழியின் உள்வெளி அடைபடும். ஒரு சுழி அடைந்தாலும் மணம் மனமாகும், பணி பனியாகும், ஊண் ஊனாகும். பள்ளிப்பிள்ளை செய்தால் தலையில் குட்டத்தக்க பிழை, சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு நிற்கும். அதைப் பார்த்துத்தான் அப்பிள்ளையும் எழுத்துக் கற்கின்றது. தடிப்பெழுத்தைத் தமிழில் வரைவோன் முதலிற் செய்யவேண்டியது, சுழிகளைத் திறந்து வைத்து எழுத்தை அகலமாக்குவது. ஆங்கிலத்தில் ஒடுக்கமாக நிற்கும் தடிப்பெழுத்துக்கு ஈடாகத் தமிழிலும் ஒடுக்கமாக நிற்க வேண்டுமென்பது வீண்போட்டி. ணகரமும் ஞகரமும் ஐகாரமும் இடம் கேட்கும், கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். எழுத்துச் சாய்ந்தால் புள்ளியும் சாய்வுக்கேற்ப வலப்பக்கம் நகர்தல் வேண்டும். நகராவிடின் முந்தைய எழுத்தின் தலையில் ஏறிவிடும். எழுத்துத் தடித்தால் புள்ளியும் பெருக்க வேண்டும். ஆனால் எழுத்தோடு ஒட்டாமல் வெளி விட்டு நிற்க வேண்டும். மதிலில் எழுதுவோர் சிலர் இடமின்மையால் புள்ளியைக் கோட்டளவாகச் சிறுக்க வைப்பர். பத்தடி தொலைவில் கல் என்பது கல என்றாகிவிடும். தொல்காப்பியர் வரிவடிவைப் பற்றிக் கூறிய சிலவற்றுள் புள்ளிக்கு இடங்கொடுத்திருக்கிறார் என்பதை இவர்க்கு யாரேனும் எடுத்துச் சொல்லலாகாதா?

இவ்வளவும் கேட்டபின், தமிழில் தடித்த சாய்வெழுத்தே கூடாதென்று முடிவு செய்துவிட வேண்டா. தமிழுக்கு அது பிற மொழியினும் மிகுதியாக வேண்டப்படுவது. உரோம எழுத்தாளன் உரத்துச் சொல்ல விரும்பினால் பெரிய எழுத்துக்கு மாறிவிடுகிறான். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்னும் பிரிவே இல்லை. அது தமிழின் எளிமை. முதல்வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சுமை அதனாற் குறைந்தது. ஆனால் கூவ வேண்டிய இடத்தில் தமிழன் கையிலிருப்பவை அளவும் தடிப்பும் சாய்வும் நிறமுமே. அவற்றுள் ஒன்றைக் கைவிடவும் இயலாது. ஆகவே நன்றாகச் செய்தாக வேண்டும்.

நன்றாகச் செய்தவரும் உளர். ஈயக் காலத்தில் கிழமை இதழ்களின் கதைத் தலைப்புகளை ஓவியரே தூரிகையால் வரைந்து, துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்து அச்சிட்டனர். ஓவியன் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே வரைந்தமையால், எந்தச் சுழி அடையும், எந்தக் கோடு கரையும் என்பதை அங்கங்கே கண்டு திருத்த முடிந்தது. ரகரத்தின் கோட்டை இடப்பக்கம் இறக்காமல், சற்றே நிமிர்த்தி, அல்லது தண்டிலிருந்து வெட்டிப் பிரித்துக் காட்டியவர் உண்டு. எக்சுகொபோன் கோடும் கோடும் கூடுமிடத்தில் விட்ட வெண்ணிடைவெளி நினைவுக்கு வருகின்றதன்றோ? அவருக்கு அது அழகு. தமிழனுக்கு அது பொருள் காக்கும் கருவி. பாங்கோவிடம் தமிழ் வரைவாளர் கைக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டெனின் அவ்விடைவெளிதான்.

மதில் எழுதுவோரின் இன்னொரு வழக்கமும் உண்டு. அதனை இலக்கணம் வகுத்தோர் எவருமில்லை, தொழிலே வகுத்தது. அவர்கள் எழுத்தைச் சிறிதளவே சாய்த்து, வரியையே மேல்நோக்கி ஏற்றி எழுதுவர். இடக்கோடியில் தாழ்ந்து தொடங்கும் சொல் வலக்கோடியில் உயர்ந்து முடியும். விரைவும் எழுச்சியும் கண்ணுக்குக் கிடைத்துவிடும். எழுத்தின் உள்ளுறுப்புகளோ தத்தம் உறவு மாறாமல் நிற்கும். ரகரக்கோடு தண்டோடு கொண்ட கோணம் அவ்வாறே இருக்கும். புள்ளியும் தன் எழுத்தின் தலைக்கு நேரே இருக்கும். சாய்ந்தது எழுத்தன்று, வரி. தமிழின் வளைவுக்கும் சுழிக்கும் இவ்வழி எவ்வளவு பொருந்துகின்றதென்பதை எழுத்துரு வரைவோர் ஆராய வேண்டும். இதனைக் கண்டறிந்தவர் பெயர் எந்தப் பொத்தகத்திலும் இல்லை. ஏணியின்மேல் நின்று, ஒருகையில் வண்ணக்குவளையும் ஒருகையில் தூரிகையுமாய், நண்பகல் வெயிலில் செய்தவர்கள் அவர்கள்.

இற்றை நிலைக்கு வருவோம். கணிப்பொறியில் சாய்வுக்கென ஒரு பொத்தான் உண்டு. எழுத்துருவில் சாய்வு வடிவம் தனியே வரையப்பட்டிருந்தால் அப்பொத்தான் அதனை எடுத்துத் தரும். இல்லையெனின், நிமிர்ந்த எழுத்தையே பொறி தானாக ஒருபக்கம் தள்ளிச் சாய்த்துவிடும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச்சாய்வு இல்லாமையால் இத்தள்ளுச்சாய்வே நூல்களிலும் பதாகைகளிலும் நிறைந்திருக்கின்றது. தள்ளிச் சாய்க்கும்பொழுது நேர்கோட்டுக்குக் கேடு குறைவு. வளைவுக்கே கேடு மிகுதி. வட்டச்சுழி சாய்ந்த முட்டையாகும். அதன் ஒருபுறம் கோடு மெலியும், ஒருபுறம் பருக்கும். நேர்கோடு மிக்க உரோமப் பெரிய எழுத்து ஒருவாறு தாங்கிக்கொள்ளும். டகரமும் பகரமும்கூடத் தாங்கும். ணகரமும் ழகரமும் இகரமும் தாங்கா. தடிப்புக்கும் அத்தகைய பொத்தானே உண்டு. அது எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் பூசி மெழுகும். சுழியின் உள்வெளியையும் சேர்த்தே மெழுகிவிடும். இரண்டு பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்தி, 'பாவை' என்று எழுதியதையும் 'பரவை' என்று எழுதியதையும் அருகருகே வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், இவ்வுரையில் கூறியது மிகையன்று என்பது விளங்கும்.

எக்சுகொபோன் எந்த எழுத்தையும் தள்ளிச் சாய்க்கவில்லை, சாய்ந்ததாகவே வரைந்தார். தமிழிலும் அவ்வாறே, ரகரத்தின் கோடு, முச்சுழியின் உள்வெளி, புள்ளியின் இடம், ஏகாரத்தின் அடிக்கோடு ஆகிய நான்கையும் முதலில் தீர்த்துக்கொண்டு, பின்பு மற்ற எழுத்துகளை வரையத் தொடங்கலாம். 247 எழுத்தென்று மலைக்க வேண்டா. உயிர், மெய்யின் உடல், உயிர்க்குறி, உகர ஊகார வடிவங்கள் எனப் பிரித்தால் வரைய வேண்டியவை அதனினும் மிகக் குறைவே. அவையினுள் அமர்ந்திருக்கும் மாணவருள் ஓவியக்கை வாய்ந்தவர் இருவர் மூவர் சேர்ந்தால், முதலில் ரகரத்தையும் காலையும் பத்து வகையாய் வரைந்து, மதிலில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று படித்துப் பார்க்கலாம். படிக்கச் சொல்ல வேண்டியது வரைந்தவரை அன்று. அவ்வழியே போகும் ஒரு முதியவரை, அல்லது மூன்றாம் வகுப்புப் பிள்ளையை.